வாபஸ் அண்ணனும் ஒற்றைப் பருப்பு மல்லாட்டையும்

பொய் சொல்கிறவர்களுக்கு விழுப்புரத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை. ஆனால் பொய் சொன்ன கையோடு ஆளைத் தேடி வந்து, "நான் சொன்னது பொய், வாபஸ்" என்று அறிவித்துவிட்டுப் போன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் லாட்ஜில் என் பக்கத்து அறைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களுக்கு மறந்தே போனது. வாபஸ் அண்ணன் என்றால் ரயில்வே ஸ்டேஷன் வரை தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி. அண்ணன் உளவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆராய்ச்சிக்காக ஒருவரை ஏமாற்றினால், முடிந்ததும் உண்மையைச் சொல்லி, மனசு நோகாமல் அனுப்பிவைக்க வேண்டும் என்பது அவர்கள் படிப்பில் ஒரு விதி. மற்றவர்கள் அதைப் பரீட்சைக்குப் படித்தார்கள். இவர் அதையே கட்டிக்கொண்டு அழுதார்.

ஒருநாள் மெஸ்ஸில் சாம்பார் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வந்தவர், கொட்டுகிற மழையில் திரும்பிப் போனார்.

"அக்கா, சாம்பார் சுமார்தான். வாபஸ். இதனால உங்களுக்கு மனவருத்தம் ஏதாச்சும் உண்டுங்களா?"

"இல்லாமதாம்பா இருந்துச்சு. இப்பதான் வந்துக்கினு இருக்குது" என்றார் மெஸ்காரம்மா.

ஆய்வுக்கு வருகிறவர்களிடம், "இஷ்டம் இல்லன்னா நடுவுல நிறுத்திக்கலாங்க" என்று சொல்வது அவர் வழக்கம். பழக்கதோஷத்தில் அதை முடிவெட்டுகிறவரிடமும் சொல்லிவைத்தார். அவர் பாதித் தலையோடு கத்தரியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேயறைந்த முகத்தோடு என் கதவைத் தட்டினார்.

"தம்பி, வண்டிய எடு. திண்டிவனம் தாண்டி ஒரு ஊருக்குப் போவணும்."

"எதுக்குண்ணே?"

"சொல்லக் கூடாது. ஆராய்ச்சில கலந்துக்கினவங்க ரகசியத்தைக் காப்பாத்தணும்."

விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுப்பார். சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேரிடம் "உன் மார்க் ரொம்பக் கம்மி" என்று பொய் சொல்வார். அதைக் கேட்டபிறகு அடுத்த புதிரில் எவ்வளவு முயல்கிறார்கள் என்று பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவார். ஸ்டெல்லா என்ற பெண் மட்டும் மார்க்கைக் கேட்டதுமே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள். பி.எட். சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தவள், தன் தலையில் ஒன்றுமில்லை என்று அதை ஓரங்கட்டிவிட்டாளாம். அவளுடைய தோழி வந்து சொல்லித்தான் அண்ணனுக்கே தெரியும். மறுநாள் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி.

கல்யாணமாகாத பெண்ணின் வீட்டை இரண்டு ஆண்கள் மொபெட்டில் வந்து விசாரித்தால் என்ன ஆகும்? வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைத்துக்கொண்டிருந்த அவள் அப்பா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா விஷயமா வந்துக்கிறீங்க?"

"உங்க பொண்ணுகிட்ட பேசணுங்க. எதுக்குன்னு மட்டும் சொல்ல முடியாதுங்க" என்றார் அண்ணன்.

அடி விழுந்திருக்கும். பக்கத்து வீட்டம்மாதான் காப்பாற்றினார். "பொண்ணு பாக்க வந்தவங்க போலக்குது, வெக்கப்படறாங்க. மாப்ள யாரு, வண்டி ஓட்டிக்கினு வந்தவரா, பின்னாடி குந்திக்கினு வந்தவரா?"

நான் தலையைக் கோதிவிட்டுக்கொண்டேன்.

வெளியே வந்த ஸ்டெல்லா அண்ணனைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனாள். அண்ணன் எங்களையெல்லாம் காது கேட்காத தூரத்தில் நிறுத்திவிட்டு அவளிடம் மெதுவாகப் பேசினார். பிரயோஜனமில்லை. அவள் போட்ட சத்தம் சர்ச் வரை கேட்டிருக்கும்.

"கம்மின்னு சொன்னதும் நீங்கதான், அது பொய்யின்னு சொல்றதும் நீங்கதான். எதை சார் நான் நம்பறது? பாவமேன்னு ஆறுதல் சொல்ல வந்துக்கிறீங்க."

 தன் வாபஸையே நம்பாத ஒருத்தி இருப்பாள் என்று அண்ணனுக்குத் தோன்றியதே இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

அவர் மல்லாட்டைக் குவியலைப் பார்த்தார். "எல்லார் எதிர்லயும் சொல்லலாமாம்மா?"

"ஊருக்கே கேட்டுடுச்சு. சொல்லுங்க."

அப்பாவிடமும் அனுமதி வாங்கி, ஒரு பிடி மல்லாட்டையைத் துண்டில் போட்டுக் குலுக்கினார். "ஆளுக்கு ஒண்ணு எடுத்து ஒடைங்க. ரெட்டைப் பருப்பு இருந்தா அறிவு ஜாஸ்தி. ஒத்தைப் பருப்பு இருந்தா கம்மி. இந்த மாதிரிதாம்மா உனக்கு நான் மார்க் போட்டது."

அப்பா உடைத்தார். ஒற்றைப் பருப்பு.

"ஐயா, உங்க மார்க் ரொம்பக் கம்மிங்க."

"யோவ், என்னைய ஒரு கேள்விகூட கேக்கல, அதுக்குள்ள பெயிலா? நான் வெதச்சி, நான் தண்ணி கட்டின மல்லாட்டை எனக்கே மார்க் போடுதா?"

பக்கத்து வீட்டம்மாவுக்கு ரெட்டை. நொடியில் அறிவாளியாகி, இடுப்பில் கைவைத்துக்கொண்டார். எனக்கு ஒற்றை, மாப்பிள்ளை பதவி அத்தோடு போயிற்று. ஸ்டெல்லா வாயைப் பொத்திப் பார்த்தாள். முடியாமல் வெடித்துச் சிரித்தாள்.

"அப்ப என் நெஜ மார்க் இன்னா சார்?"

"நாலு பேரப் போலத்தாம்மா. ஒசத்தியும் இல்ல, மட்டமும் இல்ல."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் "நீதான் பர்ஸ்ட்" என்று அள்ளி விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. அதனால்தான் அவள் நம்பினாள்.

"போயி அந்த பி.எட். பாரத்த எடுத்தாம்மா" என்றார் அப்பா. "நானும் பெயிலுதான். குடும்பம் நடத்தல?"

அண்ணன் அந்த ஆய்வை அப்படியே கைவிட்டார். வேறொன்றைப் புதிதாகத் தொடங்கியதில் பட்டம் வருஷக்கணக்கில் தள்ளிப்போனது. அதற்காக அவர் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

பல வருஷம் கழித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தேன். கையில் விடைத்தாள் கட்டு. "மார்க் கம்மியான பசங்களத்தான் சார் முன்னாடி குந்த வெச்சிக்கிறேன்" என்றார். அண்ணன் எங்கே இருக்கிறார் என்று இருவருக்குமே தெரியவில்லை.

எனக்கு இப்போது முழங்கால் வலி. வண்டி ஓட்டுவதை வீட்டில் தடுத்துவிட்டார்கள். ஆனால் அண்ணன் வந்து கதவைத் தட்டினால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், எங்கே, எதற்கு என்று கேட்கமாட்டேன்.