தேறாத உருளைக்கிழங்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சுகம், செடிக்குத்தான் சுகமில்லை. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும், மருமகனும் என் மகளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருக்கிறீர்கள் அல்லவா? தயவுசெய்து வரவேண்டாம். வீட்டுக்கு வருகிற சம்பந்தியை வராதே என்று சொல்வது எவ்வளவு பெரிய மரியாதைக்குறைவு என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் வந்து உட்கார்ந்து, நான் மறுபடியும் கடைக்கிழங்கைப் பரிமாறினால் அது அதைவிடப் பெரிய மானக்கேடு. போன முறை நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். விதைக்கிழங்கு வியாபாரத்திலேயே ஊறியவர் நீங்கள். என் மனைவி வைத்த உருளைக்கிழங்கு வறுவலை ஒரே ஒரு வில்லை வாயில் போட்டீர்கள், கண்ணை மூடினீர்கள், "கடைக்கிழங்கு. குளிர்க் கிடங்குல மாசக்கணக்கா படுத்துத் தூங்கியிருக்கு" என்றீர்கள். என் மனைவியின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, "அடுத்த தடவை நீங்க வரும்போது நம்ம வீட்டுலயே வளர்ந்த கிழங்கைப் போடறேன் சம்பந்தி" என்று சொல்லிவிட்டேன். மேஜைக்கு அடியில் என் மகள் என் காலை மிதித்தாள். கொஞ்சம் முன்னாடியே மிதித்திருக்கலாம்.

நீங்களும் பெருந்தன்மையாக ஒரு பை விதைக்கிழங்கு அனுப்பி வைத்தீர்கள். முளை வரும்வரை வெளிச்சத்தில் வையுங்கள் என்று நீங்கள் சொன்னபடி, முட்டை அட்டைகளில் வரிசையாக அடுக்கி, ஹாலில் டிவிக்குப் பக்கத்து ஜன்னலோரம் வைத்தேன். டிவி பார்ப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டை குட்டையாக, ஊதா நிறத்தில் முளை விட்டது. அந்த நேரம் பார்த்து என் கொழுந்தியாள் வந்தாள். அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. போகிற வீட்டில் எல்லாம் ஏதாவது உதவி செய்துவிட்டுத்தான் போவாள். நான் பால் வாங்கி வருவதற்குள், "அத்தான், உங்க வீட்டுக் கிழங்கெல்லாம் முளைச்சுக் கெட்டுப்போயிருந்துச்சு. அக்காவுக்கு அதைக்கூடப் பாக்க நேரமில்லை போல. எல்லாத்தையும் கிள்ளிப் போட்டு, பளிச்சுன்னு கழுவி வச்சிட்டேன்" என்கிறாள். கிழங்குகளைத் திரும்ப முட்டை அட்டைகளில் அடுக்கினேன். பேசியிருந்தால் குடும்பம் இரண்டாகியிருக்கும். நல்லவேளை, அந்தக் கிழங்குகளுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம். மறுபடியும் முளைத்தன.

அடுத்தது தொட்டி. செத்துப்போன வாஷிங் மெஷினின் டிரம்மைக் கழற்றி பால்கனியில் வைத்தேன். சுற்றிலும் ஓட்டை இருப்பதால் தண்ணீர் தேங்காது என்று நீங்களே போனில் பாராட்டினீர்கள். மண்ணுக்குத்தான் திண்டாட்டம். எதிரே வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் கேட்டு, காய்கறிப் பையில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்தேன். எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் தினமும் அந்தப் பையையே பார்ப்பார். ஒருநாள் லிப்ட் வாசலில் மடக்கி, "சார், வெளிய இருந்து மண்ணு உள்ள போகுது, சரி. உள்ள என்ன சார் கட்டுறீங்க?" என்று கேட்டார். உருளைக்கிழங்கு என்றேன். அவர் நம்பவில்லை. கிழங்குகளை முளைக்கண் பார்த்து வெட்டி, வெட்டின பக்கத்தைக் காயவிட்டு நட்டேன். செடி வந்தது! என்ன பச்சை, என்ன பச்சை! ஓரளவு உயர்ந்ததும் தண்டு மூடுகிற அளவுக்கு மண் அணைக்கச் சொன்னீர்கள். கஷ்டப்பட்டு வெளியே வந்த செடியை நானே மறுபடி மண்ணைப் போட்டு மூடுவதா என்று மனசு கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன் சம்பந்தி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்து நான் என்ன செய்கிறேன் என்று எதிர்பார்த்தது அந்தச் செடி ஒன்றுதான். சந்தோஷமாக இருந்தேன்.

அப்போதுதான் நீங்கள் போன் செய்து, "தேதி குறிச்சாச்சு சம்பந்தி, இன்னும் ரெண்டு மாசத்துல சாப்பிட வர்றோம்" என்றீர்கள். அதற்குள் கிழங்கு தேறுமா என்று எனக்கு உடனே தெரிந்தாக வேண்டும். நான் பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தொழிலில் நம்பிக்கை என்று ஒன்று கிடையாது, மாதிரிதான் உண்டு. அடுப்பிலிருந்து மொத்தமாக வருகிற ஒவ்வொரு லாட்டிலும் கைக்கு வந்த ஒரு பிஸ்கட்டை எடுத்து உடைத்துப் பார்ப்பேன். அது தேறாவிட்டால் மொத்த லாட்டும் தள்ளுபடி. ஒருமுறை தள்ளிய லாட்டை மறுபடி திறந்து பார்ப்பது என்ற பேச்சே இல்லை. முதலாளியே வந்து கேட்டாலும் கிடையாது. ஆகவே டிரம்மில் இருந்த செடிகளில் ஒன்றை வேரோடு பிடுங்கினேன். அடியில் கிழங்கு இல்லை. வெள்ளை வெள்ளையாக நூல் தொங்கியது. பட்டாணி அளவுக்குக்கூட ஒன்றுமில்லை. அங்கேயே நின்று, "தள்ளுபடி" என்றேன். என் மனைவி, "அது இன்னும் பூக்கக்கூட இல்லைங்க. அதுக்குள்ள பிடுங்கிப் பாத்தா என்ன இருக்கும்?" என்றாள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு லாட் பாஸ் பண்ணுகிற வழக்கம் எனக்கு இல்லை.

ஆனாலும் மனசு விடவில்லை. தள்ளுபடி செய்த பிறகும் மிச்சச் செடிகளுக்கு ரகசியமாகத் தண்ணீர் ஊற்றினேன். பூத்தது. வெள்ளைப்பூ, நடுவில் மஞ்சள். வாட்ச்மேனைக் கூட்டிவந்து காட்டினேன், அவர் முகத்தில் சந்தேகம் தீர்ந்தது. என் மனைவி, "இப்ப என்ன சொல்றீங்க?" என்றாள். பூவைச் சாப்பிட முடியாது என்றேன். அவ்வளவுதான், யார் கண் பட்டதோ, பூ உதிர்ந்த கொஞ்ச நாளில் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. தாகமோ என்று குடம் குடமாக ஊற்றினேன். அது டிரம் ஓட்டை வழியாக இறங்கி, கீழ் வீட்டு பால்கனியில் கணக்கு டீச்சர் திருத்தி வைத்திருந்த விடைத்தாள் கட்டின்மேல் விழுந்தது. அவர் மேலே ஏறி வந்து, "சார், உங்க வீட்டு மழையில எங்க கிளாஸ்ல ஒருத்தனுக்கு மார்க்கே அழிஞ்சு போச்சு. அவன் பாஸா பெயிலான்னு இப்ப நான் யாரைக் கேக்கறது?" என்றார். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, சில நாளில் பார்த்தால் தண்டெல்லாம் காய்ந்து சரிந்து கிடக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "தோண்டித்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி. தள்ளிய லாட்டைத் திறப்பதில்லை என்றேன். "அப்ப நானாவது தோண்டறேன்" என்றாள். கூடாது என்றேன். இன்று காலை டீச்சரைக் கூப்பிட்டு, விடைத்தாளுக்குப் பரிகாரமாக டிரம்மை மண்ணோடு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ரோஜா வைக்கப்போகிறாராம். வாட்ச்மேன்தான் இழுத்துக்கொண்டு போய் லிப்டில் இறக்கினார். இப்போது எங்கள் பால்கனியில் ஒரு வட்டமான கறை மட்டும் இருக்கிறது.

ஆகையால் சம்பந்தி, என் சொல் பொய்த்துவிட்டது. உங்கள் விதையில் குற்றம் இல்லை, என் கையில்தான் ராசியில்லை. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். இந்த அவமானம் ஆறியதும் நானே கூப்பிடுகிறேன். அன்றைக்கு உருளைக்கிழங்கு தவிர வேறு எதைக் கேட்டாலும் செய்து போடுகிறோம். இனிமேல் விதைக்கிழங்கு அனுப்பவேண்டாம். மகளிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே சொல்லாதீர்கள். மருமகனுக்கும் மகளுக்கும் என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு என் மனைவி வணக்கம் சொல்லச் சொன்னாள். கூடவே இவர் எழுதுவதை அப்படியே நம்பவேண்டாம் என்றும் எழுதச் சொன்னாள். அதை நான் எழுதப்போவதில்லை.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
உங்கள் மகனின் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கீழ் வீட்டு டீச்சர் ஒரு கிண்ணத்தோடு வந்தார். "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க சார்" என்றார். வேகவைத்த உருளைக்கிழங்கு, மேலே உப்பும் மிளகும். துக்கத்தில் இருந்தாலும் தொழில் புத்தி போகுமா? தோல் மெல்லிசு, உள்ளே மாவு மாவாக உதிர்கிறது, மண்வாசனை அப்படியே இருக்கிறது. "முதல் தரம் டீச்சர்! எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டேன். "கடையா? ரோஜா வைக்கலாம்னு நீங்க குடுத்த டிரம்மைக் கவுத்தேன் சார். பொலபொலன்னு கொட்டுச்சு. இலை மஞ்சளாகிச் சாஞ்சா கிழங்கு முத்திடுச்சுன்னு அர்த்தமாமே, வாட்ச்மேன் சொன்னார். உங்களுக்குத் தெரியாதா?" என்றார். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "அப்ப இத்தனை வருஷமா நீங்க தள்ளின பிஸ்கட்டெல்லாம் நல்ல பிஸ்கட்டாங்க?" என்று கேட்டாள். நான் இன்னொரு கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கூச்சத்தை விட்டு, நீங்கள் வருகிற கதையைச் சொல்லி, கிழங்கைத் திருப்பித் தர முடியுமா என்று டீச்சரிடம் கேட்டேன். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா சார்? வேணும்னா ஞாயித்துக்கிழமை உங்க சம்பந்தி வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றார். ஆகவே மேலே எழுதிய அத்தனையும் தள்ளுபடி. குடும்பத்தோடு தவறாமல் வரவும். கிழங்கு சத்தியமாக எங்கள் வீட்டில் வளர்ந்ததுதான். சாப்பாடு மட்டும் கீழ் வீட்டில்.