சித்தப்பா, சுவரை அழகுபடுத்த வேண்டாம்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகன் வணங்கி எழுதுவது. நீங்களும் சித்தியும் அங்கே சுகமாகவும் ஈரமில்லாமலும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் தாளின் மேல் ஒரு சொட்டு விழுந்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்தும் நீங்கள் செய்த வேலை அப்படி. எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. வீட்டுக்காரர் ஒழுகவில்லை என்கிறார். பொய்ப் புகார் கொடுத்ததற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லி வாடகைத் தகராறு அலுவலகத்தில் மனுவும் போட்டிருக்கிறார். அடுத்த வாரம் விசாரணை. அதிகாரி கண்ணால் அந்தச் சொட்டைப் பார்த்தால் கூரையைச் சரி செய்து தர வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. பார்க்காவிட்டால் அம்மா, கைக்குழந்தையோடு அக்கா, நான், எல்லாரும் தெருவில். குழந்தையின் தொட்டிலை ஒழுகாத இடம் பார்த்துப் பார்த்து நகர்த்தி இப்போது கதவை மறித்துப் போட்டிருக்கிறோம். வெளியே போக வேண்டுமென்றால் தொட்டிலுக்கு அடியில் குனிந்துதான் போகிறேன். இதையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், அந்த அலுவலகம் போனைப் பார்க்காது, பென் டிரைவைத் தொடாது. டிவிடியாகக் கொடுத்தால்தான் சாட்சியாம். டிவிடி புதிதாக வந்த காலத்தில் யாரோ எழுதிய விதி. எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், விதி இன்னும் வேலை பார்க்கிறது.

நம் சித்தப்பா கல்யாண வீடியோ எடுக்கிறவராயிற்றே, டிவிடி போடுவது அவருக்குக் கை வந்த கலை என்று உங்களிடம் கொடுத்தது என் புத்தி. முதல் டிவிடி தப்புக்கு நானும் பங்காளி. படத்தைப் போனிலிருந்து செய்தியாக அனுப்பினேன். அது வழியிலேயே பாதி இளைத்துவிட்டது. போனையும் செங்குத்தாகப் பிடித்துத்தான் எடுத்திருந்தேன். நீங்கள் அதோடு எங்கள் வீட்டு ஈரப் படம் முழுவதையும் சேர்த்து ஒரே டிஸ்க்கில் அமுக்கினீர்கள். அலுவலகத் திரையில் இரண்டு பக்கமும் இருட்டு, நடுவில் ஒரு சந்து, அந்தச் சந்துக்குள் கட்டம் கட்டமாக ஏதோ அசைந்தது. அங்கே இருக்கும் எழுத்தர் அம்மா நல்ல மனுஷி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுல எது தம்பி தண்ணி?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது டிவிடிக்கு வருகிறேன். ஓரமெல்லாம் பூச்சட்டம், பின்னணியில் புல்லாங்குழல். போகட்டும், பழக்கதோஷம். ஆனால் மணப்பெண் முகத்தில் பருவை எடுக்கிற வசதியை எங்கள் சுவரின் மேல் ஓட்டினீர்களே, அது எந்த ஊர் நியாயம்? போனில் கேட்டதற்கு, "கறையெல்லாம் எடுத்துட்டேன்டா, சுவர் பளிச்சுனு இருக்கு, நாலு பேர் பாக்கறது இல்லையா" என்று பெருமையாகச் சொன்னீர்கள். அலுவலகத்தில் நாலு பேர் பார்த்தார்கள் சித்தப்பா. அதில் ஒருவர் வீட்டுக்காரரின் வக்கீல். அவர் முழுதும் பார்த்துவிட்டு, இதைத் தங்கள் தரப்புச் சாட்சியாக வைத்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார்.

வீட்டுக்காரர் ஒரு தாளில் ஒரே வரி எழுதிக் கொடுத்தார், கூரை காய்ந்திருக்கிறது என்று. அந்தத் தாளை யாராவது திரையில் ஓடவிட்டுப் பார்த்தார்களா? அவர் சொன்னால் போதும், நாங்கள் காட்ட வேண்டும். காட்டினாலும் அவர்கள் கேட்கிற தட்டில் வைத்துக் காட்ட வேண்டும். சரி, காட்டியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டேன். கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவனுக்கு எதற்கு இந்த வித்தை என்று மேஸ்திரி சிரித்தார். சிரிக்கட்டும். டிவிடி எழுதும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இரவல் வாங்கி, டிஸ்க்குகளைப் பாழாக்கிப் பாழாக்கிக் கற்றுக்கொண்டேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

படத்தைப் போனிலிருந்து ஒயர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை டிவிடி வடிவத்துக்கு ஒரே ஒரு தடவைதான் மாற்ற வேண்டும். மாற்றியதை மறுபடி மாற்றினால் துவைத்ததையே துவைத்து நூலாக்குகிற கதைதான். போனில் இருக்கிற அளவு விவரம் டிவிடிக்குள் எப்படியும் நுழையாது, அதனால் கூரையை அரை கிலோமீட்டர் தள்ளி நின்று எடுக்காமல் சொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் போய், போனைப் படுக்கையாகப் பிடித்து எடுக்க வேண்டும். ஸ்டூல் மேல் ஏறி நின்று எடுத்தேன், சொட்டு வாயிலேயே விழுந்தது. மாற்றும்போது கம்ப்யூட்டரில் அகலப் படம் என்று மறக்காமல் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டடைக்குச்சி மாதிரி நீண்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, கொஞ்ச நேரப் படத்தை மட்டும் போட வேண்டும். நீளமாகத் திணித்தால் ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கிற இடம் குறையும், இடம் குறைந்தால் சின்னதாகவும் வேகமாகவும் இருப்பதுதான் முதலில் காணாமல் போகும். எங்கள் சொட்டு சின்னது, வேகமானது.

அப்படிச் செய்த டிவிடியை இதோடு அனுப்புகிறேன். கூரையில் தண்ணீர் திரள்வது, கனப்பது, அறுந்து விழுவது, குழந்தை கண்ணைச் சிமிட்டுவது எல்லாம் தெரிகிறது. அலுவலகத்துக்கு மூன்று பிரதி வேண்டும். இரவல் கம்ப்யூட்டர் இந்த ஒன்றை எழுதிவிட்டு மூச்சை விட்டுவிட்டதால் உங்களை விட்டால் வழியில்லை. டிஸ்க்கை அப்படியே டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், மெதுவாக எழுத விடுங்கள். திரையில் ஓடவிட்டுக் கேமராவால் எடுக்காதீர்கள். ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீர்கள்.

சித்திக்கு என் வணக்கம். அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அம்மா உங்கள் குடும்பத்துக்கு எல்லா நலமும் வரட்டும் என்கிறாள், உங்கள் பூச்சட்டத்தையும் மீறி.

இப்படிக்கு,
விடாப்பிடியாக,
உங்கள் அண்ணன் மகன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், இந்த டிவிடி அவர்கள் பெட்டியில் ஓடுகிறதா என்று பார்க்க அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். நன்றாக ஓடியது. எழுத்தர் அம்மா கடைசி வரை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, இவ்வளவு சுத்தமா இருந்தா கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு அந்த வக்கீல் சொல்வாரு. ஒழுகற வீட்டுல இருக்கறவங்ககிட்ட இப்படி ஒரு படம் எப்படி வந்துச்சுன்னு அதிகாரியும் கேப்பாரு" என்றார். கத்த வாயைத் திறந்தேன், அந்த அம்மா மேல் தப்பில்லை, மூடிக்கொண்டேன். ஆகவே சித்தப்பா, மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். மூன்று பிரதியையும் கொஞ்சம் கெடுத்தே அனுப்புங்கள். நாங்கள் எடுத்ததுதான் என்று அவர்கள் நம்புகிற அளவுக்கு மங்கலாக இருக்கட்டும். சொட்டு மட்டும் விழ வேண்டும்.