பாயசம் குடித்த ஹைப்ரிட் காடி

கணவனும் மனைவியும் புது வண்டி வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அந்த வீட்டில் வண்டியைத் தவிர மற்றதெல்லாம் ஓடும். எங்கள் வீட்டில் அது மாதக்கணக்கில் ஓடியது.

மஸ்ஜித் தானா ஊரில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் எனக்கு வேலை. நோயாளி வாயைத் திறக்கும் நேரமெல்லாம் நான் கைப்பேசியைத் திறந்து ஹைப்ரிட் காடி வீடியோ பார்ப்பேன் (காரை நாங்கள் காடி என்போம்). பெட்ரோல் எண்ணெய் மிச்சம், சத்தமே கிடையாது, நெரிசலில் பேட்டரியிலேயே ஊர்ந்துவிடும். என் கணவர் சேகருக்கோ ஹைப்ரிட் பிக்கப்தான் வேண்டும். திருவிழாக்களுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். பின்னால் அள்ளிப் போடலாம், செம்மண் சடக்கில், அதாவது மண் சாலையில், சறுக்காது, பழைய டீசல் வண்டியைவிட எண்ணெய் குறைவு என்பார். அது மிச்சம் பிடிக்கிற எண்ணெயிலேயே என் காடி ஒரு வாரம் ஓடும் என்பேன் நான். (வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத காலத்திலேயே இவ்வளவு வாய்.)

நடுவில் மாட்டியவர் அத்தை, என் மாமியார். முட்டி அறுவைக்குப் பிறகு வாசலைத் தாண்டவே இல்லை. நியாலாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு, அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருடைய பாயசம்தான். அந்த வருஷம் பாயசத்தை மட்டும் கொண்டுபோங்கள் என்றுவிட்டார். தன்னைத் தூக்கி இறக்குவதை ஊரே பார்க்கக் கூடாதாம். எங்கள் இருவருக்கும் மனசு கேட்கவில்லை.

சேகரின் பள்ளித் தோழர் ஹபிஸ் வண்டிக் கடையில் விற்பனையாளர். ஓட்டிப் பார்க்க இரண்டையுமே திருவிழாவன்று ஒரு நாள் கொடுத்தார். அத்தையை எந்த வண்டி கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ, அதையே வாங்குவது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

கெஞ்சிக் கெஞ்சி அத்தையை வாசலுக்குக் கொண்டுவந்தோம். முதலில் பிக்கப். படி அத்தையின் இடுப்புக்கு வந்தது. சேகர் நாற்காலி போட்டார், போதவில்லை. காலி அண்டா ஒன்றைக் கவிழ்த்துப் படியாக வைத்தார். அத்தை ஒரு காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“நான் என்னா சிமெண்டு மூட்டையா, லோரியில ஏத்துறதுக்கு? நீங்க போங்கய்யா.”

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம். என் பூனையின் கதவைத் திறந்தேன். தாழ்வான இருக்கை, அத்தை பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். எழுந்திருப்பது எப்படி என்று நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். பாயச அண்டாவைப் பிக்கப்பில் கயிறு போட்டுக் கட்டுகிறேன் என்று சேகர் சொல்லியும் கேட்காமல், அதுவும் என் காடியில்தான் வரும் என்றேன். பின்சீட்டில் ஏற்றி, பாயசத்துக்கு பெல்ட்டும் போட்டேன். சேகர் நாற்காலிகளோடு முன்னால் போய்விட்டார்.

செம்பனைக்கு நடுவே செம்மண் சடக்கில் திரும்பினால், எதிரே பால்குட ஊர்வலம். காடி சத்தமில்லாமல் பின்னால் ஊர்ந்தது. உறுமி மேளத்தில் யாருக்கும் நாங்கள் வந்ததே தெரியவில்லை. சாமிக்குப் பின்னால் ஹாரன் அடிப்பதா என்று நானும் பக்தியோடு போனேன். திடீரென்று முன்னால் போன ஒரு அம்மாவுக்கு அருள் வந்து, ஊர்வலம் நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். பெல்ட் அண்டாவைப் பிடித்துக்கொண்டது, பாயசத்தைப் பிடிக்கவில்லை.

பின்சீட்டுக்கு அடியில் பேட்டரிக்குக் காற்றுப் போகிற ஜன்னல் ஒன்று இருக்கும். அத்தனை வீடியோ பார்த்த எனக்கு அது நன்றாகவே தெரியும். சேமியா அதற்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் எச்சரிக்கை விளக்குகள் தீபாவளி மாதிரி எரிந்தன. பயந்து காடியை அணைத்தேன். பிறகு அது கிளம்பவே இல்லை.

நான் கைப்பேசியில் கூப்பிட்டதும் சேகர் பிக்கப்போடு ஓடி வந்தார். அத்தையை இறக்கப் பார்த்தோம். அவ்வளவு தாழ்விலிருந்து எழ முட்டி இடம் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் காடியில் கயிறு கட்டி, அவரை உள்ளே உட்கார வைத்தே, பிக்கப் நடை வேகத்தில் இழுத்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. எதற்குப் பயந்து அவர் வீட்டோடு இருந்தாரோ அதைத் தோட்டமே கூடி நின்று பார்க்கும்படி செய்துவிட்டேன்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெண் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டி, வந்துட்டீங்களாக்கா என்றார். கண்ணாடியை இறக்கினேன். அவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பின்னாலேயே இன்னொருவர், அடுத்து இன்னொருவர். ஒருவர் நெற்றியில் குங்குமம் வைத்தார். யாரோ பானெட்டில் மாலையைப் போட்டார்கள். உறுமிக்காரர்கள் பிக்கப்புக்கு முன்னால் வந்து நின்று அடித்தார்கள். அத்தையின் கண்ணில் தண்ணீர்.

“எல்லாரும் பாப்பாங்கன்னுதாம்மா வரமாட்டேன்னேன்,” என்றார்.

“மன்னிச்சிடுங்கத்தை.”

“பாக்கட்டும்லா. அவன மெதுவா இழுக்கச் சொல்லு.”

அண்டாவில் மிஞ்சிய பாயசம் ஆளுக்கு ஒரு கரண்டி வந்தது. ஷோரூம் காடிக்குப் பாயசம் ஊட்டியவர்கள் அதை வாங்காமல் வேறென்ன செய்ய முடியும்? ஹபிஸ் கழுவிச் சரிசெய்து கொடுத்தார். வெயில் ஏறினால் இன்றும் உள்ளே ஏலக்காய் வாசம் வரும். வீட்டுக்கு யார் வந்தாலும், என் காடி எண்ணெயில் ஓடுமா பாயசத்தில் ஓடுமா என்று சேகர் ஆரம்பித்துவிடுவார்.

அத்தை இப்போது தானே ஏறுகிறார், தானே இறங்குகிறார். ஆனால் வருஷா வருஷம் திருவிழாவன்று, செம்மண் சடக்கு ஆரம்பிக்கிற இடத்தில் காடியை அணைக்கச் சொல்லிவிடுவார். சேகர் யாரிடமாவது பிக்கப் இரவல் வாங்கி, கயிற்றோடு காத்திருக்க வேண்டும். போன வருஷம் நான் கேட்டே விட்டேன்: காடி நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு இந்தக் கூத்து?

அத்தை கண்ணாடியை இறக்கிக்கொண்டே சொன்னார்: “ஓடுற காடியில யாரும்மா வந்து கையப் புடிச்சிப் பேசுவா?”