ஊதாவை ஒளிக்காத அக்கா

திராவக அக்காவைப்போலக் கண்ணாடிக் குடுவை கழுவ ஜெர்மனியில் இதுவரை ஒருவர் பிறக்கவில்லை, இனிப் பிறக்கவும் மாட்டார். எர்லாங்கனில் நாங்கள் ஒரே ஆய்வகம். அவர் பீலெஃபெல்டில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரர், நான் திருநெல்வேலி. தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவகத்தில் குடுவைகளை ஊறவைத்துத்தான் கழுவுவார்; அதனால்தான் அந்தப் பெயர். நான் சோப்புப் போட்டுக் கழுவிய குடுவையை எச்சில் தட்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஒருநாள் என் டீ கப்பையும் திராவகத்துக்குத் தூக்கிப் போனார்; ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

எங்கள் வேலை வெள்ளி நானோ துகள்கள். மஞ்சள் கரைசலை விளக்கடியில் வைத்தால், ஒளி படப்படத் துகள்கள் முக்கோணத் தகடுகளாக வளர்ந்து கரைசல் நீலமாகும். ஆக வேண்டும். அக்காவுடையவை மட்டும் பாதிக்குமேல் ஊதாவாகி நின்றன. என்னுடையவை ஜம்மென்று நீலம். எனக்கு உள்ளூரக் குஷிதான், ஏன் பொய் சொல்ல?

அக்கா சோறு தண்ணி மறந்து துருவினார். கடைசியில் பிடிபட்டது. சரியாக அலசாத குடுவைகளில் தங்கிய திராவக மிச்சம் முக்கோணங்களின் முனைகளைத் தின்றிருக்கிறது. அடக் கடவுளே, சுத்தம் பார்த்தே மனுஷி கெடுத்திருக்கிறார்!

அந்த வாரம் பார்த்தா பணம் தரும் கம்பெனிக்காரர்கள் வர வேண்டும்? நீலத்தை மட்டும் மேஜையில் வைக்கச் சொன்னார் பேராசிரியர். மாதக் கடைசியில் அக்காவின் வேலை ஒப்பந்தம் முடிவதையும் நாசூக்காக ஞாபகப்படுத்தினார். நான் அக்காவைத் தனியே கூப்பிட்டுக் கெஞ்சினேன்.

"ஒருநாள் மறைச்சா என்னக்கா? ரிஸ்க் எடுக்காதீங்க."

"ஊதா வந்தது உண்மை, தம்பி. ஒளிக்க ஏலாது. வேலை போனாப் போகட்டும்."

வந்தவர்கள் முன்னால் எல்லாக் குடுவைகளையும் வரிசையாக வைத்தார். ஊதா அத்தனையும் தன் பிழை, காரணம் இன்னது என்று தலை நிமிர்ந்து ஜெர்மனில் சொன்னார். அவர்கள் ஆர்வமாகக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். பேராசிரியர் முகமும் ஊதாவாகியிருந்தது. ஒப்பந்தம் நீளவில்லை. அக்கா யாரிடமும் போய்க் கேட்கவும் இல்லை. பையை மாட்டிக்கொண்டு பீலெஃபெல்டுக்கு ரயிலேறிவிட்டார்.

அடுத்த வாரம் நான் செய்த அத்தனை குடுவையும் நீலம். போன் போட்டுப் பெருமையடித்தேன்.

"திரும்பச் செய்து பாத்தீங்களோ?"

"இல்லக்கா."

"பிறகென்ன கதை? செய்துபோட்டுக் கதையுங்கோ."

வைத்துவிட்டார். நான் மறுபடி விளக்கைப் போட்டேன். பக்கத்தில் அக்காவின் மேஜை காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.