பெண் பார்க்கப் போன அன்று பார்த்த பூநாரை

பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவனைப் பெண் பார்க்க அனுப்பக் கூடாது. அனுப்பினாலும் கையில் போனைக் கொடுத்து அனுப்பக் கூடாது. இதை என் அம்மா ஆறு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்துக் காலையில் கற்றுக்கொண்டார்.

எங்கள் வீடு மருதனார்மடத்தில். பெண் வீடு உடுப்பிட்டியில். பத்து மணிக்கு எல்லாரும் வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் போவதாக ஏற்பாடு. ஆனால் தொண்டைமானாறு நீரேரியில் பூநாரைகள் இறங்கியிருப்பதாக எங்கள் பறவை பார்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் முதல்நாள் செய்தி வந்திருந்தது. போகிற வழிதானே என்று (கொஞ்சம் சுற்றுத்தான்) நான் மட்டும் விடியவே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டேன்.

பதின்மூன்று பூநாரைகள். பன்னிரண்டு முதிர்ந்தவை, இளஞ்சிவப்பு. ஒன்று மட்டும் சாம்பல் நிற இளம் பறவை. சந்தோசத்தில் உடனே குழுவுக்கு எழுதினேன்:

"உடுப்பிட்டிப் பக்கம் வந்து பாத்தாச்சு. வயசு குறைவுதான். கால் நல்ல நீளம், மூக்கு வளைவு. நிறம் இப்ப அழுக்குச் சாம்பல், சிவக்க ரெண்டு மூண்டு வருசம் செல்லும். கூட நிக்கிற பன்னிரண்டும் கிழடு. வெளிநாடு போக முந்தி விருப்பமானவை வந்து பாருங்கோ."

(மூக்கு என்ற இடத்தில் அலகு என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை.)

போனது பறவைக் குழுவுக்கு அல்ல, பெண் பார்க்கும் பயணத்துக்காக அம்மா தொடங்கிய குடும்பக் குழுவுக்கு. வீட்டுக்கு வழி சொல்வதற்காகப் பெண்ணின் அண்ணனையும் அதில் சேர்த்திருந்தார்கள். பறவைகள் மிரளக் கூடாதென்று போனின் சத்தத்தை நிறுத்தியிருந்ததால், அம்மா எடுத்த பதினேழு அழைப்புகளும் என் காற்சட்டைப் பைக்குள்ளேயே அடங்கிப்போயின.

வான் வருவதற்கு முன்பே நான் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முழங்கால் வரை சேறு. வாசல் படலையடியில் பெண்ணின் அண்ணன் நின்றார்.

"வாங்கோ," என்றார் மிக மரியாதையாக. "கிழடு பன்னிரண்டும் உள்ளுக்கை இருக்கினம்."

இவரும் எங்கடை பறவைக் குழு ஆள்தான் என்று எனக்குப் புல்லரித்தது. "நான் பாக்கேக்கை தண்ணிக்கை எல்லோ நிண்டதுகள்?" என்றேன்.

அவர் படலையைத் திறந்துவிட்டார். உள்ளே பெண்ணின் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று வரிசையாக இருந்தார்கள். பெண்ணின் அப்பா என்னைக் கூர்ந்து பார்த்து, சிவக்க எத்தனை வருடம் செல்லும் என்று கேட்டார். குடும்பமே பறவைப் பைத்தியம், நான் கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்து விளக்கினேன்.

"அது சாப்பாட்டைப் பொறுத்தது ஐயா. இறால் குஞ்சு நல்லாத் திண்டா கெதியாச் சிவந்திடும்."

"நாங்கள் சைவம்," என்றார் அவர்.

அப்போதுதான் அண்ணன் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வாசித்தேன். கால் நீளம் வந்தபோது காது சூடாகியது. விருப்பமானவர்களை வந்து பார்க்கச் சொன்ன இடத்தில், நாற்காலியோடு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. பூநாரை, பூநாரை என்று மட்டும் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். வெளியே வான் வந்து நின்றது. அம்மா இறங்க மறுத்துவிட்டார்.

அறைக்குள் யாரோ அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம் கேட்டது. திரையை விலக்கிக்கொண்டு வந்தவள் தர்சினி, பெண். கணித ரீச்சர். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதவள். என் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைப் பார்த்தாள்.

"அந்தப் பூநாரையை எனக்குக் காட்டுங்கோ," என்றாள். "மூக்கு எவ்வளவு வளைவெண்டு பாப்பம்."

அம்மா இறங்காத அதே வானில், ஏற முடிந்தவர்கள் எல்லாரும் ஏறி நீரேரிக்குப் போனோம். நல்லகாலம், அந்தச் சாம்பல் பறவை இன்னும் நின்றது. தர்சினி நெடுநேரம் பார்த்தாள். அவளுடைய அப்பா அதைவிட நெடுநேரம் பார்த்தார். தொலைநோக்கியைத் திருப்பித் தரும்போது, "பிள்ளை வடிவாத்தான் இருக்கு," என்றார். எந்தப் பிள்ளையைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஆவணியில் கலியாணம். எங்கள் வீட்டு விசேசங்களில் அந்தச் செய்தியை இன்றைக்கும் யாராவது மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். பறவைக் குழுவுக்கு நான் எழுதும் எதுவும் இப்போது தர்சினி பார்க்காமல் போவதில்லை. போன கிழமை ஒரு கொக்கைப் பற்றி, தனிய நிக்குது, சோடி தேடுது போலை என்று எழுதியிருந்தேன். அந்த வரியை வெட்டிவிட்டாள்.

"இது மாறிக் குடும்பக் குழுவுக்குப் போனா," என்றாள், "பின்னேரத்துக்கிடையிலை ஆராவது சாதகத்தோடை வந்திடுவினம்."