நம்மாளு வருவாக!

தென்னாட்டு சினிமா ரசிகர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் உட்காரவைத்து, மறு தட்டில் எங்கள் ஜவ்வாதை மட்டும் உட்காரவைத்தால், ஜவ்வாது பக்கம்தான் தாழும். ஆளின் எடையால் அல்ல; ஆள் ஒல்லி. தோளில் புரண்ட தலைமுடியின் எடையால்.

யுத்த காலம் அது. போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் மண்டியில் நானும் அவரும் குமாஸ்தாக்கள். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருந்தது. பாடி நடித்துத் தமிழ்நாட்டையே கிறங்கடித்துக்கொண்டிருந்த ஒரு நட்சத்திரம் ஜவ்வாது பூசுகிறார் என்று யாரோ சொல்லிவிட, இவரும் பூச ஆரம்பித்தார். பூசினார் என்பது தப்பு, மெழுகினார். மலையாளத்துப் பக்கமிருந்து சரக்கு வாங்க வந்த வியாபாரி ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது ஏலக்காயோ, கல்யாணச் சந்தனமோ?" என்று கேட்டார். அன்றே ஜவ்வாதின் மேஜை மண்டிக்கு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. போகிறவர் வருகிறவரை நிறுத்திப் பேச வசதி.

பேச்சு ஒரே பேச்சுதான். நட்சத்திரத்தின் பெயரைச் சொல்ல மாட்டார், "நம்மாளு" என்பார். நம்மாளு சின்ன வயதில் வீட்டைவிட்டு ஓடி நாடகக் கம்பெனியில் சேர்ந்தது, ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிய அன்று நம்மாளு மேடையேறியது, மைக் இல்லாத காலத்தில் நம்மாளு பாடிய பாட்டு ஆற்றுக்கு அக்கரையில் கேட்டது, எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்போலச் சொல்வார். அந்தக் காலத்துப் படங்களில் பாட்டுகளுக்கு நடுவே இடம் கிடைத்தால்தான் கதை நடக்கும். டூரிங் டாக்கீஸ் மணலில் நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, ஜவ்வாது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

காப்பிக் கடை கிராமபோனில் நம்மாளின் தட்டு சுழன்றால் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்பார். ஒருமுறை ஊசி சிக்கிக்கொண்டு ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தது. கடைக்காரர் அதைச் சரிசெய்யப் போனபோது ஜவ்வாது பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீக! சங்கதி போடுறாக."

படப்பிடிப்பில் நம்மாளு குதிரையிலிருந்து விழுந்து காலில் அடி என்று ஒரு செய்தி பரவியது. மறுநாள் ஜவ்வாது நொண்டிக்கொண்டே மண்டிக்கு வந்தார்.

"அண்ணே, அடிபட்டது இடது கால்னு சொல்றாக. நீங்க வலது காலை நொண்டுறீக?"

"ஏம்ப்பா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று சலித்துக்கொண்டு காலை மாற்றிக்கொண்டார்.

நம்மாளோடு முடி பொருந்தியது, ஜிப்பா பொருந்தியது; குரல்தான் பொருந்தவில்லை. அவர் பாட வாயைத் திறந்தால் எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம்தான் நினைவுக்கு வரும். மலைக்காற்று தொண்டைக்கு ஆகவில்லை என்பார்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் கிடைத்தது கெங்குவார்பட்டியில். நிச்சயம் பேசப் போன இடத்தில் பெண்ணின் தகப்பனார் ஒரு மரியாதைக்காக, "மாப்பிள்ளை பக்கம் யாரு யாரு வருவாக?" என்று கேட்டார்.

ஜவ்வாது யோசிக்கவே இல்லை. "நம்மாளு வருவாக. வந்தா பாடாமப் போகமாட்டாக."

தகப்பனார் இதை ஒரே ஒருவரிடம்தான் சொன்னாராம். அந்த ஒருவர் பஸ் கண்டக்டர்.

முகூர்த்தத்தன்று கெங்குவார்பட்டிக்குள் மாட்டு வண்டி நுழைய இடமில்லை. பெரியகுளத்திலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும், வீரபாண்டித் திருவிழாவுக்குக் கிளம்புகிற மாதிரி பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். மரக்கிளையெல்லாம் ஆட்கள். அரிசி கிடைப்பதே பெரும்பாடாக இருந்த நாளில் சொந்தபந்தத்துக்கு மட்டும் உலை வைத்திருந்த தகப்பனார் அடுப்படிக்கும் வாசலுக்குமாக அலைந்தார்.

"சோறு பத்தலைன்னா மானம் போகும். பாட்டு இல்லைன்னா பந்தலே போகும்" என்று என்னிடம் புலம்பினார்.

நான்தான் மாப்பிள்ளைத் தோழன். ஜவ்வாதைத் தனியே இழுத்துப் போனேன்.

"அண்ணே, நெசத்தைச் சொல்லுங்க. அவுகளுக்குச் சொல்லி விட்டீகளா?"

"யாருகிட்டச் சொல்லி விட? அவுக எங்கன இருக்காகன்னே எனக்குத் தெரியாதே" என்றார். பட்டு ஜிப்பா வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

மணவறையில் உட்கார்ந்ததும் மணப்பெண் வேலுத்தாய், குனிந்த தலை நிமிராமல் மாப்பிள்ளையிடம் பேசியது பின்னால் நின்ற என் காதில் விழுந்தது.

"அவுக வருவாகளா, மாட்டாகளா?"

ஜவ்வாது வாயில் வழக்கமான பதில் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"வரமாட்டாக. எனக்குத்தான் அவுகளைத் தெரியும். அவுகளுக்கு என்னைத் தெரியாது. எந்திரிச்சுப் போறதுன்னா இப்பவே போயிரு. உன்மேல யாரும் குத்தம் சொல்ல விடமாட்டேன்."

தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது.

"ஆத்தாடி, நல்லவேளை!" என்றாள் வேலுத்தாய். "அவுக வந்தா ஊரே அவுகளைத்தான பாக்கும்? அப்புறம் இம்புட்டுப் பூவைச் சுமந்துக்கிட்டு நான் எதுக்கு இங்கன உக்காந்திருக்கேன்?"

அவள் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல அத்தனை வேகமாக ஜவ்வாது தாலியைக் கட்டினார்.

மேளம் ஓய்ந்தது. கூட்டம் கத்த ஆரம்பித்தது. "பாட்டு எங்கப்பா?" "ஆளை எங்க?" பந்தல்மேல் ஒரு கல் வந்து விழுந்தது. தகப்பனார் கும்பிட்டபடி ஏதோ சொன்னார்; யாருக்கும் கேட்கவில்லை. ஜவ்வாது எழுந்து மாலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றார்.

"அவுக வரலை. வருவாகன்னு நாந்தான் பொய் சொல்லிப்புட்டேன். இம்புட்டுத் தூரம் வந்தவுகளை வெறுங்கையோட அனுப்ப மனசில்லை. அவுக பாட்டை நான் பாடுறேன்."

பாடினார். கல்லோடு ஓங்கிய கைகள் காதைப் பொத்திக்கொண்டன. கைக்குழந்தைகள் வீறிட்டன. மரக்கிளைகள் காலியாயின. "ஏலே, வண்டியைப் பூட்டு! வெயிலுக்கு முன்னாடி ஊரு போய்ச் சேருவோம்" என்று நாலா பக்கமும் குரல்கள்.

தகப்பனார் வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு அடுப்படியை எட்டிப் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது. ஜவ்வாதிடம் ஓடிவந்தார்.

"மாப்பிள்ளை, நிப்பாட்டிராதீக! இன்னும் ரெண்டு பந்தி ஆளு நிக்குது. இன்னொண்ணு பாடுங்க!"

இன்னொன்று பாடினார். சோறு மிஞ்சியது.

கடைசிப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஜவ்வாது, சாதத்தைப் பிசைந்தபடி மெதுவாகக் கேட்டார்.

"கூட்டம் ஏம்ப்பா அப்படிக் கலைஞ்சு போச்சு?"

"உருகிப் போயிட்டாக அண்ணே. அதுக்கு மேல தாங்க முடியலை."

"நெசமாவா?"

"நெசமா."

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வேலுத்தாய்க்குப் புரையேறியது. ஜவ்வாது அவள் தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

அந்த நட்சத்திரம் கெங்குவார்பட்டிப் பக்கம் கடைசிவரை வரவேயில்லை. அன்றைக்கு வந்திருந்தாலும், நான் மணவறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.