மூடியண்ணன் சொன்ன பெயர்கள்

தெருவின் நடுவே கிடக்கும் கழிவுக் குழாய் மூடியைத் திறந்து, எந்த வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று சொல்லக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கண்டி மூடியண்ணன். சொந்தப் பெயர் நகரசபைக் கந்தோர்ப் பதிவேட்டில் எங்கேயோ கிடந்தது.

யுத்த காலம். நகரத்துக் கழிவுக் குழாய்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, எதில் எவ்வளவு ஓடும் என்று பார்க்கிற வேலையை யாழ்ப்பாணத்தானான என் தலையில் கட்டினார்கள். பழைய வரைபடத்தைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சமெல்லாம் மூடியண்ணனின் தலைக்குள்தான் இருந்தது.

முதல் கம்ப்யூட்டர் மாதிரியை அவரிடம் பெருமையோடு காட்டினேன்.

"தம்பி, கக்கூசுத் தண்ணிய ஹந்தானை மலைக்கு மேல ஏத்துதே இது. எங்க தோட்டத்து லயத்துக்கா அனுப்புறீங்க?"

ஒரு குழாயின் உயரத்தை நான் பிழையாகத் தட்டியிருந்தேன்.

மூடிகளுக்கு அவர் இலக்கம் சொல்லமாட்டார். நவமணி டாக்டரம்மா மூடி, கனகரத்தினம் மாஸ்டர் மூடி என்று ஆள் பெயர்தான். அந்த ஆட்களோ தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீடு எரிந்து எப்போதோ போய்விட்டவர்கள். "போனா என்ன தம்பி, மூடி அவங்களோடதுதானே" என்பார். நானும் அப்படியே ஏற்றி, தெருவில் சரிபார்க்க அச்சடித்துக் கொடுத்தேன். நான் செய்த விசர் வேலை அதுதான்.

மறுநாள் சோதனைச் சாவடியில் அவரைப் பிடித்துவிட்டார்கள். நிலத்தடி வரைபடம், அதில் வரிசையாகத் தமிழ்ப் பெயர்கள், கையில் நீளக் கம்பி. பிடிக்காமல் என்ன செய்வார்கள்? அந்த நாட்களில் உள்ளே போனவர் எப்போது வருவார் என்று கடவுளுக்கும் தெரியாது. எங்கள் கந்தோர் என்ஜினியரின் கடிதத்தோடு பொலிசுக்கு ஓடினேன்.

அங்கே மூடியண்ணன் பின்முற்றத்தில் நின்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு கொன்ஸ்டபிள்கள் அவருடைய கம்பியைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"பொலிஸ் மாத்தையா என்னைய நம்பல தம்பி. மழை பேஞ்சா ஒங்க கக்கூசு பொங்குமே, அடைப்பு இந்த மூடியிலதான்னேன். பொறகு நம்பிட்டாரு."

தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். பெயர்களை மட்டும் அழிக்கச் சொல்லிவிட்டார்கள். அழித்து இலக்கம் போட்டேன். மூடியண்ணன் திரையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"டாக்டரம்மா எங்க தம்பி?"

"அறுபத்திரண்டு, அண்ணை."

"அவங்க திரும்பி வந்து கேட்டா, அறுபத்திரண்டுன்னா சொல்லுவீங்க?"

அன்று பின்னேரமே, பழைய பிரதியிலிருந்த பெயர்களையெல்லாம் வரைபடத்தில் தனி அடுக்காகப் போட்டு, திரையில் தெரியாதபடி மறைத்து வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே சொல்லிவிடுவார்.

கொஞ்ச நாளில் அவரும் இந்தியாவில் இருந்த மகளிடம் போய்விட்டார். பிறகு ஒரு தகவலும் இல்லை. கந்தோரில் ஆளில்லாத நேரம் அந்த அடுக்கைத் திறந்து பார்ப்பேன். ஹந்தானைக்கு ஏறுகிற தெருவின் கடைசி மூடிக்கு நானே ஒரு பெயர் போட்டிருக்கிறேன்: மூடியண்ணன்.

ஒருக்கால் வந்து பாருங்கோ அண்ணை. ஒருத்தரையும் நான் அழிக்கேல்லை.